கையுறை போட்டுக் கட்டிய கீரை

எங்கள் மாதா கோயில் தமிழ் இதழுக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே தந்தார்கள்: இலையுதிர்காலத்தில் என்ன பழம், என்ன மரக்கறி வாங்கலாம், எப்படிச் சாப்பிடலாம். இத்தாலியில், பலெர்மோ நகரத்துப் பல்லரோ சந்தையில் இருபத்துமூன்று வருடம் பழக்கடையில் நின்றுவிட்டுப் போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். ஸ்டெல்லா அக்காவுக்குத் தெரியாததா என்று நினைத்திருப்பார்கள். தெரியும்தான். ஆனால் எனக்குச் சத்தமாகக் கத்தி விற்கத்தான் வரும், இருந்து எழுத வராது. அதனால் இதையும் நான் கத்துவதாகவே நினைத்து வாசியுங்கள்.

கேட்டதை முதலில் தந்துவிடுகிறேன். நாகதாளிப் பழத்தை, அதுதான் சப்பாத்திக்கள்ளிப் பழத்தை, ஒக்டோபர் பாதிக்கு முன்னர் வாங்கவே வேண்டாம். கோடையில் வருவது சின்னது, விதையும் அதிகம். தோட்டக்காரர் முதற் பூவைத் தட்டி விழுத்திவிடுவார்கள். செடி மறுபடி பூத்து, மழைத்தண்ணீர் குடித்துக் காய்க்கிற இரண்டாவது காய்தான் காய். மாதுளம்பழம் கையில் பாரமாக இருக்க வேண்டும். தோல் வெடித்திருந்தாலும் பரவாயில்லை, அழகைப் பார்த்து வாங்கி ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். சிவப்புப் பூசணியைத் துண்டாக வாங்கினால் வெட்டின முகம் ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஊர்க்காரர் அதை மெல்லிசாக அரிந்து பொரித்து, வினாகிரியும் சீனியும் புதினாவும் போட்டு ஆறவைத்துச் சாப்பிடுவார்கள். நாங்கள் பால்கறி வைப்போம். இரண்டும் திறம், எது கூடத் திறம் என்று என்னோடு சண்டைக்கு வரவேண்டாம்.

தக்காளி நிறத்தில் இருக்கிற காக்கிப் பழத்துக்கு மட்டும் ஒரு நிபந்தனை உண்டு. எப்போது சாப்பிடப் போகிறீர்கள் என்று கடைக்காரரிடம் சொல்லி வாங்குங்கள். கல்லுப் போல இருப்பதை இன்றைக்குக் கடித்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு கிழமை வைத்தால் அதே பழத்தைக் கரண்டியால் கிள்ளிச் சாப்பிடலாம். நல்ல கடைக்காரர் அதைக் கேட்டுவிட்டுத்தான் பெட்டியில் கையை வைப்பார்.

இவ்வளவும் எழுதிவிட்டுக் கீரைக்கு வந்தேன். அதோடு பேனா நின்றுவிட்டது.

போன கிழமை எங்கள் பெண்பிள்ளைகள் இரண்டு பேர் புதிதாகத் திறந்த கடைக்குப் போயிருந்தேன். பிளாஸ்டிக் பையில் கலவைக் கீரை அடுக்கி வைத்திருந்தார்கள். ஆய்ந்து, கழுவி, அரிந்து, அப்படியே சட்டியில் போடக்கூடியது. ஆர் இதை ஆய்ந்தது என்று கேட்டேன். பெரியவள் சிரித்தாள். "மெசினிலை வாறது அக்கா. ஆனால் இது உங்கட ஐடியாதானே. பல்லரோவிலை முதல் முதல் தொடக்கினது ஸ்டெல்லா அக்காதானாம் எண்டு அம்மா சொன்னவ," என்றாள். ஓம், நான்தான் தொடக்கினேன். அதை எப்படி நிற்பாட்டினேன் என்று அவளுடைய அம்மா சொல்லவில்லைப் போலிருக்கிறது. அதை நான் சொல்கிறேன்.

மன்னாரிலிருந்து வந்து முதல் ஆறு வருடம் வீட்டுவேலை செய்தேன். அதைப் பற்றி எழுத அதிகமில்லை. தரை துடைத்தேன், சட்டை மினுக்கினேன், பாஷை பழகினேன். என்னுடைய சிஞ்ஞோராவுக்காக, அதாவது அந்த வீட்டு எசமானிக்காகச் சந்தையில் சாமான் வாங்கப் போவதும் நான்தான். ஒருநாள் பல்லரோவில் சால்வோ என்பவரின் பழக்கடையில் அவர் இல்லாத நேரம் வேலைக்காரன் ஒருவன் என் தலையில் பிஞ்சுக் காக்கியைக் கட்டிவிட்டான். மறுநாள் அந்தப் பையோடு போய், தெரிந்த இத்தாலியன் பாஷையை எல்லாம் கொட்டிச் சண்டை பிடித்தேன். தெரியாத இடத்தில் தமிழைப் போட்டேன். சால்வோ முழுவதையும் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, "இந்தச் சத்தத்தை என் பக்கம் நின்று போடுகிறாயா?" என்று கேட்டார். அடுத்த மாதமே வேலைக்குப் போனேன்.

சால்வோ அகன்ற உடம்புக்காரர். சந்தைக்கே கேட்கும்படி பாட்டு மாதிரிக் கூவி விற்பார். ஆனால் கோபம் வந்தால் குரலை இறக்கிவிடுவார். குரல் எவ்வளவு இறங்குகிறதோ கோபம் அவ்வளவு பெரிது. காலையில் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பழத்தை எடுத்துக் கத்தியால் கீறி, முதல் துண்டை எனக்கு நீட்டுவார். நான் தின்று, முகத்தைச் சுளிக்காவிட்டால்தான் அந்தப் பெட்டி முன்னுக்குப் போகும். தின்னாத பழத்தை விற்கிறவள் பொய் சொல்கிறவள் என்பது அவருடைய கணக்கு. இந்த ஊர்ப் பழங்களின் ருசியெல்லாம் நான் அந்தக் கத்தி முனையில்தான் படித்தேன்.

முதல் மழை விழுந்ததும் காட்டுக் கீரை வரத் தொடங்கும். மலைப்பக்கத்திலிருந்து நினோ என்ற கிழவர் கிழமையில் இரண்டு தரம் சாக்கில் கொண்டுவருவார். அதிலே அதிகம் பொராஜினே. நீலப் பூப் பூக்கிற, இலை தடித்த கீரை. அதன் இலையிலும் தண்டிலும் கண்ணுக்குத் தெரியாத சுணை இருக்கும், கையைக் கடிக்கும். சாக்கைப் பலகை மேசையில் கொட்டிப் பரப்பி, ஒவ்வொரு இலையையும் வெறுங்கையால் தடவிப் பார்த்துத்தான் பொறுக்க வேண்டும். "கடிக்காதது பொராஜினே இல்லை. கண் ஏமாறும், விரல் ஏமாறாது," என்பார் சால்வோ. கையுறை போட்டுக் கீரை பொறுக்கியவன் ஒருவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியதையும் எனக்குச் சொல்லி வைத்திருந்தார்.

இந்த ஊர்ப் பெண்கள் கீரையை வீட்டுக்குக் கொண்டுபோய் இன்னொருமுறை இலை இலையாக ஆய்வார்கள். கடைக்காரனை அவ்வளவு நம்பமாட்டார்கள். எங்களவர்களுக்கு அதற்கு நேரம் எங்கே? வீட்டுவேலை செய்கிறவர்களுக்கு வியாழக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகுதான் லீவு. அந்த அரை நாளுக்குள் சந்தை, கோயில், ஊருக்குக் காசு அனுப்புவது, சமையல், பிள்ளை எல்லாம் முடிய வேண்டும். அவர்கள் கீரையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, ஆய நேரமில்லை என்று திரும்ப வைப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பொராஜினே, காட்டுச் சிக்கோரி, வெள்ளைத் தண்டுக் கீரை மூன்றையும் நானே ஆய்ந்து, கழுவி, கலந்து கட்டி வைத்தேன். "ஆய்ஞ்ச கீரை, ஆய்ஞ்ச கீரை! அப்பிடியே அரிஞ்சு வறுக்கலாம்!" என்று தமிழில் கத்தினேன். பல்லரோவே திரும்பிப் பார்த்தது. தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் போட்டு வறை வறுக்க அதைவிடத் திறமான கட்டு கிடையாது. இரண்டு வருடத்தில் வியாழக்கிழமை வந்தால் எங்கள் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். ஒருத்தரும் கட்டைப் பிரித்துப் பார்ப்பதில்லை. அக்கா ஆய்ந்தது என்றால் ஆய்ந்ததுதான். எனக்கும் அதில் பெருமை.

அது நடந்தது ஒரு நவம்பர் வியாழக்கிழமை. அந்த வருடம் என் கணவருக்கு வேலையில்லை, வீடு என் சம்பளத்தில்தான் ஓடியது. முந்தின மூன்று நாளும் நாகதாளிப் பழம் துடைத்து என் விரல் நுனியெல்லாம் முள். இரண்டு விரல் சீழ் கட்டி வீங்கியிருந்தது. அந்தக் கையால் பொராஜினேயைத் தொட்டதும் கண்ணீர் வந்துவிட்டது. சால்வோ முன்னுக்கு நின்று கூவிக்கொண்டிருந்தார். பின்னால் தரை கழுவ வைத்திருந்த ரப்பர் கையுறையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். இன்றைக்கு மட்டும்தானே என்று நினைத்தேன். கையுறை போட்டால் வேலையும் கெதியாக ஓடியது. ஒன்பது கட்டுக் கட்டி முடித்ததும் கழற்றி ஏப்ரன் பைக்குள் செருகிவிட்டேன். இரண்டரைக்குள் ஒன்பதும் விற்றுப்போனது.

நாலு மணியிருக்கும், இந்த ஊர் வாடிக்கைக்காரப் பெண் ஒருத்தி சிவந்த முகத்தோடு வந்தாள். சாக்கில் மிச்சமிருந்த பொராஜினேயில் கொஞ்சத்தை மூன்று மணிக்கு வாங்கிப் போனவள். இரண்டு இலையை மேசையில் வைத்தாள். "இதைத் தடவு. இப்போ இதைத் தடவு," என்றாள். முதல் இலை கடித்தது. மற்றது கடிக்கவில்லை. சால்வோ அதை வாங்கிக் கசக்கி மூக்கில் வைத்தார். பிறகு சாக்கை மேசையில் கவிழ்த்துக் கிளறினார். அடியிலிருந்து ஒரு கொத்து வந்தது. சுருங்கின பச்சை இலை, நடுவில் ஊதாப் பூ இரண்டு.

"மந்திராகோரா," என்றார். பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்காத குரல்.

அது என்ன என்று எனக்கு அவர் அன்றைக்குத்தான் சொன்னார். மழை விழுந்ததும் பொராஜினேயோடு சேர்ந்து முளைக்கிற நஞ்சுச் செடி. அவித்தாலும் பொரித்தாலும் நஞ்சு போகாது. வாய் வறண்டு, கண் இருண்டு, புத்தி பேதலித்து, நெஞ்சு அடித்து, ஆள் போய்விடவும் கூடும். நினோக் கிழவருக்குக் கண் மங்கியிருந்ததைப் பிறகுதான் அறிந்தோம். கிழவருக்குத் தெரியாமல் போனதைப் பிடிக்கத்தானே என் கை இருந்தது.

"எத்தனை கட்டு விற்றாய்?"

"ஒன்பது."

"எல்லா இலையும் உன் கையால் போனதுதானே?"

"ஓம்," என்றேன். "கடைக்குள்ளை இருட்டாயிருந்தது, தெரியேல்லை."

அந்தப் பொய் எப்படி வாயில் வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஏப்ரன் பைக்குள் கையுறை ஈரமாகத் தொடையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கோயில் பெண்களின் வாட்ஸ்அப் குழுவுக்குக் குரல் பதிவு அனுப்பினேன். "பிள்ளையள், இண்டைக்கு என்னட்டைக் கீரை வாங்கின ஆக்கள் ஒருத்தரும் சமைக்காதேங்கோ. சமைச்சிருந்தால் வாயிலை வைக்காதேங்கோ. நஞ்சுக் கீரை கலந்துபோச்சு. வாங்கின ஆக்கள் உடனை எனக்குப் போன் எடுங்கோ." அரை மணித்தியாலத்துக்குள் ஏழு பேர் எடுத்துவிட்டார்கள். ஒருத்தி சமைத்து இறக்கி வைத்திருந்தாள், சட்டியோடு கொட்டினாள். இன்னொருத்தி, "இப்பதான் கணவருக்குக் கோப்பையிலை போட்டனான் அக்கா," என்று சொல்லிக்கொண்டே அழுதாள். எட்டாவது ஆளின் வீடு சந்தைக்குப் பின்னால் இரண்டு சந்து தள்ளி. செருப்பில்லாமல் ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். கீரை இன்னும் கழுவுகிற பேசினில் தண்ணீரில் கிடந்தது. அப்படியே அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

ஒன்பதாவது ஆள் யாரென்று எனக்குத் தெரியாது.

முன்னர் ஒருதரமோ இரண்டுதரமோதான் வந்திருக்கிறாள். மெலிந்த பெண், முப்பது வயதிருக்கும், குழுவிலும் இல்லை. பெயர்கூடக் கேட்கவில்லை. சால்வோ அவசர இலக்கத்துக்குப் போன் எடுத்தார். அவர்கள் பெயரும் விலாசமும் கேட்டார்கள். இரண்டும் எங்களிடம் இல்லை.

"அவள் வேறு என்ன வாங்கினாள்?" என்று சால்வோ கேட்டார். "ஆளை விடு. பையை நினை."

கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு துண்டுப் பூசணி. இரண்டு காக்கி. நான் வழக்கம்போல, எப்பத்தைக்குத் தங்கச்சி என்று கேட்டேன். "இண்டைக்குத்தான் அக்கா. நல்லாக் கனிஞ்சதாப் பாத்துத் தாங்கோ. எங்கட சிஞ்ஞோராவுக்குப் பல்லில்லை, கரண்டியாலை தீத்துறனான்," என்றாள். கீரைக் கட்டை எடுத்தபோது, "இதையும் நல்லா மசிச்சுக் குடுத்தால் சாப்பிடுவா. ஏழு மணிக்கு அவவுக்குச் சாப்பாடு," என்றாள். எங்கை வேலை என்று கேட்டேன். "பகேரியாவிலை. மதிலிலை கல்லுப் பூதங்கள் நிக்கிற வில்லா இருக்கெல்லோ, அதுக்குக் கிட்ட. மூண்டு மணி றெயினைப் பிடிக்கோணும்," என்று ஓடிவிட்டாள்.

ஐந்தேகால் ஆகியிருந்தது. சால்வோ கடையை இழுத்துப் பூட்டினார். வியாபார நேரத்தில் அவர் கடை பூட்டி நான் பார்த்ததில்லை. அந்த நஞ்சுக் கொத்தை ஒரு பையில் போட்டு, டாக்டருக்குக் காட்டவேண்டி வரும் என்று கையில் எடுத்துக்கொண்டார். ஸ்டேசனுக்கு அரை ஓட்டமாகப் போனோம். பகேரியாவுக்கு றெயினில் பத்து, பன்னிரண்டு நிமிடம்தான். அன்றைக்கு றெயின் பிந்தியது. பலகையில் பத்து நிமிடம் என்று போட்டார்கள், அது இருபதானது, முப்பத்தைந்தானது. நான் செபமாலையைக் கையில் வைத்திருந்தேன், ஒரு மணிகூட உருளவில்லை. ஒரு பல்லில்லாத கிழவி செத்தால் ஆரைப் பிடிப்பார்கள் என்பதுதான் மண்டைக்குள் ஓடியது. சமைத்துத் தீத்தினவளைத்தான் பிடிப்பார்கள். கடையில் வாங்கின கீரை என்று அவள் தன் அரைகுறை இத்தாலியனில் குவெஸ்தூராவில், பொலிஸ் கந்தோரில் போய் நின்று சொன்னால் ஆர் நம்புவார்கள்? வெளிநாட்டுக்காரி, தனியாள், வீட்டில் நகை இருக்கும் கிழவி. இந்த நாட்டில் இருக்க அவளுக்குத் தந்த பெர்மெஸ்ஸோ, அவளுடைய பெயர், ஊரில் அவள் அனுப்புகிற காசைப் பார்த்திருக்கிற சனம் எல்லாம் அதோடு முடிந்தது.

றெயின் வந்தது. ஏறி இருந்ததும் ஏப்ரன் பையிலிருந்து கையுறையை எடுத்து என் மடியில் வைத்தேன்.

"நான் இருட்டு என்று சொன்னது பொய்," என்றேன். "இதைப் போட்டுக்கொண்டுதான் கட்டினேன்."

சால்வோ கையுறையைப் பார்த்தார், வீங்கின என் விரலைப் பார்த்தார். பிறகு வாய் அசைவது மட்டும் தெரிகிற குரலில், "முதலில் வீட்டைக் கண்டுபிடிப்போம்," என்றார். அதைவிட ஏசியிருக்கலாம்.

பகேரியாவில் இறங்கும்போது ஆறரை தாண்டிவிட்டது. பூத வில்லாவின் மதிலோரம் எத்தனை தெரு, எத்தனை மாடி! சால்வோ வீட்டு மணிகளைத் தொடவில்லை. நேரே பழக்கடைகளைத் தேடிப் போனார். முதற் கடைக்காரனுக்குத் தெரியவில்லை. இரண்டாவது கடையில் செஸ்நட் சுட்டுக்கொண்டிருந்தவனிடம், "பல்லில்லாத சிஞ்ஞோராவுக்கு அழுகிற பதத்தில் காக்கி கேட்கிற மெலிந்த பெண் உன்னிடம் வருவாளா?" என்று கேட்டார். அவன் சிரித்தான். "அந்த இந்தியக்காரியா? காக்கியை அமத்தி அமத்திப் பார்த்து என்னைக் கொல்லுகிறவள். தையல்காரச் சந்து, பச்சைக் கதவு, இரண்டாம் மாடி." எங்கள் எல்லோரையும் அவர்கள் இந்தியக்காரர் என்றுதான் சொல்வார்கள். அன்றைக்கு நான் திருத்தவில்லை.

மணியை அமத்தினோம். பதில் இல்லை. மறுபடி அமத்தினோம். கீழ்க்கதவை வேறு யாரோ திறக்க, உள்ளே புகுந்து படியேறினோம். மேலே கதவைக் கையால் அடித்து, "தங்கச்சி, நான் பல்லரோ ஸ்டெல்லா அக்கா. கதவைத் திற," என்று கத்தினேன். உள்ளே எதுவோ உருண்டு விழுந்தது. கதவு திறக்க எவ்வளவு நேரம் எடுத்ததென்று தெரியாது, எனக்கு ஒரு வருடம்.

அவளுடைய கண்ணைப் பார்த்தேன். கருமணி முழுக் கண்ணையும் மூடியிருந்தது. முகம் சிவந்து கொதித்தது. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு, உலர்ந்த நாக்கைக் கஷ்டப்பட்டு அசைத்தாள்.

"அக்கா... சுவரெல்லாம் எறும்பு. கூட்டக் கூட்டப் போகுதில்லை."

"கீரை சாப்பிட்டனியோ பிள்ளை?"

"ஓம்... அஞ்சு மணிக்குச் சோத்தோடை. நல்லாயிருந்தது."

"சிஞ்ஞோரா?"

அவளுக்கு விளங்கவில்லை. நான் அவளை விலத்திக்கொண்டு உள்ளே ஓடினேன். சாப்பாட்டு மேசையில் ஒரு சின்னக் கிழவி, கழுத்தில் துவாய் கட்டி நிமிர்ந்து இருந்தாள். அவளுக்கு முன்னால் பச்சையாக மசித்த ஒரு கிண்ணம். கரண்டி தரையில் கிடந்தது. கிழவி என்னைக் கணக்கெடுக்கவில்லை. கதவடியில் ஆடிக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்து, "பிரீமா து, ஜெசிந்தா. பிரீமா து," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் நீ, முதலில் நீ. அப்படித்தான் அவளுடைய பெயர் எனக்குத் தெரிந்தது.

அந்தக் கதையைப் பிறகு ஜெசிந்தாவே சொன்னாள். கிழவிக்கு நினைவு தடுமாறத் தொடங்கியதிலிருந்து, தன்னை நஞ்சு வைத்துக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று ஒரு பயம். எந்தச் சாப்பாட்டையும் ஜெசிந்தா கண்முன்னால் ஒரு கரண்டி தின்று காட்டினால்தான் வாயைத் திறப்பாள். எட்டு மாதமாக ஒரு நாளைக்கு மூன்று தரம், தான் நஞ்சு வைக்கவில்லை என்று ஜெசிந்தா தின்று காட்டியிருக்கிறாள். அன்றைக்கு மயக்கத்தில் கரண்டியைப் பிடிக்க முடியாமல் கீழே போட்டாள். கிழவி தன் பிடிவாதத்தால் தப்பினாள்.

சால்வோ கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அம்புலன்சுக்குக் கதைத்தார். இம்முறை விலாசம் இருந்தது. அவர்கள் வரும்வரை ஜெசிந்தாவைப் பிடித்துவைத்திருப்பது பெரும்பாடாகிவிட்டது. எறும்பைக் கூட்ட வேண்டும் என்று எழும்பி எழும்பி ஓடினாள். என் கையைக் கடித்தாள். நெஞ்சு அடிக்கிற சத்தம் என் தோளில் இடித்தது. "அக்கா நிக்கிறன், அக்கா நிக்கிறன்," என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வேறென்ன சொல்ல? அவளுக்கு நஞ்சைக் கொடுத்ததே அந்த அக்காதானே.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சால்வோவின் பையிலிருந்த கொத்தை வாங்கி ஒருதரம் பார்த்ததும் தாதிமாரிடம் மருந்தின் பெயரைச் சொன்னார். பை இல்லாவிட்டால், குடித்தவள், பைத்தியக்காரி என்று நினைத்து நேரத்தைப் போக்கியிருப்பார்களாம். நாங்கள் தாழ்வாரத்தில் நின்றோம். கிழவியின் மகள் வந்தாள். நல்ல கோட் போட்டிருந்தாள். எங்களோடு அம்புலன்சில் வந்திருந்த தாயைப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தாள்.

"அவள் என் அம்மாவுக்கு என்ன கொடுக்கப் பார்த்தாள்? அம்மா ஒவ்வொரு நாளும் சொன்னார், நஞ்சு வைக்கிறாள் என்று. நான்தான் நம்பவில்லை. கரபினியேரிப் பொலிசுக்குப் போன் எடுத்துவிட்டேன்."

சால்வோ வாயைத் திறக்கப் போனார். நான் முந்திக்கொண்டேன். இத்தாலியனில் நான் சண்டை பிடித்திருக்கிறேன், விலை பேசியிருக்கிறேன். குற்றத்தை ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான்.

"அவள் ஒன்றும் செய்யவில்லை சிஞ்ஞோரா. கீரையைக் கட்டியது நான். வெறுங்கையால் தொட்டுப் பார்க்கவேண்டியதை இதைப் போட்டுக்கொண்டு கட்டினேன்," என்று கையுறையை நீட்டினேன். "நான் ஆய்ந்தது என்று நம்பி அவள் ஆயவில்லை. பிழை அவ்வளவும் என்னுடையது. வருகிறவர்களிடம் என் பெயரை எழுதச் சொல்லுங்கள்."

"கடை என்னுடையது," என்றார் சால்வோ. "என் பெயரையும் எழுதட்டும்."

எழுதினார்கள். விசாரித்தார்கள். கடையைச் சில நாள் பூட்டி வைத்தார்கள். அந்தக் கொத்தையும் கையுறையையும்கூட வாங்கிக்கொண்டு போனார்கள். ஜெசிந்தா மூன்றாம் நாள் புத்தி தெளிந்து, ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியை விட்டு வந்தாள். மகள் அவளைத் திரும்ப வேலைக்கு எடுத்தாள். எடுக்காமல் என்ன செய்வாள்? அந்த ஐந்து நாளும் கிழவி வேறு ஒருத்தர் கையாலும் ஒரு கரண்டி வாங்கவில்லை, ஜெசிந்தா எங்கே, ஜெசிந்தா எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

கடை திறந்த அன்று நான் என் ஏப்ரனை மடித்துச் சால்வோவின் முன்னால் வைத்தேன். அவர் அதைத் திரும்பத் தள்ளினார். "முன்பு ஒருவனை அனுப்பினேனே, அது கையுறைக்காக இல்லை. கேட்டபோது இல்லை என்று சாதித்தான். நீயும் பொய்தான் சொன்னாய். றெயினில் திருத்தினாய்." பிறகு குரலை இறக்கினார். "ஆனால் அந்தக் கலவைக் கட்டு என் கடையில் இனி இல்லை." அதற்குப் பிறகு என்னிடம் வந்தவர்கள் எல்லாம் ஆயாத கீரையைத்தான் வாங்கினார்கள். வீட்டில் ஆய்ந்துகொள்ளுங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தேன். சிலர் கோபித்தார்கள். கோபிக்கட்டும்.

பிள்ளைகளே, உங்கள் கடையில் பையில் இருக்கிற கீரையைத் தொட்டுப் பார்த்த விரல் எது என்று உங்களுக்குத் தெரியாது. என் கட்டில் எதுவென்று எனக்குத் தெரியும், அது என் விரல், அதையும் அன்றைக்கு நான் கையுறையால் மூடிக்கொண்டேன். அதனால்தான் போன கிழமை உங்கள் கடையில் நின்று கொஞ்சம் சத்தமாகக் கதைத்தேன். மனதில் வைக்காதேங்கோ.

ஜெசிந்தா அதற்குப் பிறகு என் கடைக்கு வருவாளென்று நான் நினைக்கவில்லை. மூன்றாவது வியாழக்கிழமை வந்தாள். மன்னிப்புக் கேட்க நான் எவ்வளவோ சொல் சேர்த்து வைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். "விடுங்கோ அக்கா. ஓடி வந்ததும் நீங்கள்தானே," என்றாள். பூசணி வாங்கினாள், மாதுளம்பழம் வாங்கினாள், இன்றைக்குத் தின்ன இரண்டு காக்கி வாங்கினாள். வீட்டுக் கதையெல்லாம் சொன்னாள். இப்போது கிழவி முதற் கரண்டியைத் தானே பிடுங்கித் தின்றுவிட்டு, கொஞ்ச நேரம் பார்த்திருந்து, பிறகுதான் ஜெசிந்தாவைச் சாப்பிட விடுகிறாளாம். அதைச் சொல்லும்போது அவளுக்கும் சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது.

அந்தக் கிழவி இறந்த பிறகும், வேறு வீட்டுக்கு வேலைக்குப் போன பிறகும், நான் ஓய்வு பெறும்வரை ஜெசிந்தா வியாழக்கிழமை தவறியதில்லை. எங்களுக்குள் ஒரு குறையும் இல்லை. கோயிலில் தன் மகளின் முதல் நன்மைப் பூசைக்கு என்னைத்தான் முன்வரிசையில் இருத்தினாள். கீரையை மட்டும் எங்களுக்கு நாலு கடை தள்ளி வாங்குவாள். வாங்கிப் பையின் அடியில் வைத்து, மேலே ஒரு துவாயைப் போட்டு மூடிக்கொண்டு என்னிடம் வருவாள். நான் பார்த்தால் எனக்கு நோகுமென்று. துவாயின் ஓரத்தால் பச்சைத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். நான் பார்க்காதவள் மாதிரி மற்றப் பக்கம் திரும்பி, அவளுக்குப் பூசணி வெட்டத் தொடங்குவேன்.